அண்டா என்று எழுதினால் பூஜ்ஜியம்

கண்ணு,

நீ திருத்தி அனுப்பிய பக்கங்கள் புதன்கிழமை கைக்கு வந்தன. பதிப்பாளரே அச்செடுத்து, உறையில் போட்டு, நம் சிங்காநல்லூர் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போதே மனுஷன் முகம் சரியில்லை. “டீச்சரம்மா, தம்பி நல்லாத்தான் பாத்திருக்காருங்க. பனியாறு பாடத்துல மட்டும் கொஞ்சம் கை வெச்சுட்டாருங்க” என்றார். பிரித்துப் பார்த்தேன். கொஞ்சம் கை வைத்ததாகத் தெரியவில்லை. மூன்று பக்கத்தை மேலிருந்து கீழ்வரை சிவப்புக் கோட்டால் அடித்திருக்கிறாய். ஓரத்தில் உன் குறிப்பு: “ரொம்பக் கிராமத்துத்தனமாக இருக்கிறது. அறிவியல் சொல் மாதிரி இல்லை. ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டால் போதும்.” அதை நான் நான்கு முறை வாசித்தேன். அன்று முதல் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. உங்கப்பா வழக்கம்போல, “உடு அம்மணி, அவன் அதைத்தான படிச்சிருக்கான், அவனுக்குத் தெரியாததா?” என்றார். அவருக்கும் அன்று கிடைத்தது.

உனக்குத் தெரியாததா என்ற கேள்விக்கே வருகிறேன். இமயமலையில் ஏறிப் பனியாறுகளை அளக்கிறாய். அடுத்த மாதம் நார்வேக்குப் போகிறாய், வர மூன்று வருஷம் ஆகும் என்கிறாய். உன் படிப்பைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால்தான் ஓய்வுபெற்ற ஒரு பூகோள டீச்சர் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதிய சின்னப் புத்தகத்தை, தப்பு இருந்தால் சொல்லு என்று உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். பனியின் கனத்தை நான் தப்பாக எழுதியிருந்தேன் என்று ஓரிடத்தில் திருத்தினாய், சரி. பள்ளத்தாக்கின் படத்தை மாற்றச் சொன்னாய், அதுவும் சரி. ஆனால் தினமும் வாயில் போட்டு மெல்லுகிற சொற்கள் எங்கிருந்து வந்தன என்று ஒருநாளாவது யோசித்திருக்கிறாயா? யோசித்திருந்தால் “கிராமத்துத்தனம்” என்ற வார்த்தை உன் பேனாவிலிருந்து வந்திருக்காது.

நீ சாஸ்திரம் என்று கும்பிடுகிற ஒவ்வொரு சொல்லும் கிராமத்தான் வீட்டுச் சாமான் கண்ணு. பனியாறு தள்ளிக்கொண்டுபோய் ஒதுக்கிய மண்ணையும் கல்லையும் மொரைன் என்கிறீர்களே, அது ஆல்ப்ஸ் மலையடிவாரத்துக் குடியானவர்கள் தங்கள் மண்மேட்டுக்குச் சொன்ன பேச்சு. பனியாறு விட்டுப்போன மேடுகளின் பெயர்களையும் பார்: டிரம்லின் என்றால் அயர்லாந்துக்காரன் பாஷையில் சின்ன முதுகு. எஸ்கர் என்றால் அதே ஊர்க்காரனுக்கு வெறும் மேடு. சேற்றில் கால் வைக்காமல் அதன்மேல் நடந்துபோனான், அவ்வளவுதான். கேம் என்பது ஸ்காட்லாந்தில் தலை வாரும் சீப்பு. இரண்டு பக்கமும் செதுக்கிய கூரான மலைமுகட்டை அரெட் என்கிறோம், அது பிரெஞ்சுக்காரன் சாப்பிட்டுத் துப்பிய மீன்முள்; அதற்கும் முன்னால் லத்தீனில் பார்த்தால், அறுவடையில் கையைக் குத்துமே கதிர்நுனிக் கூர், அதுதான். பிளந்து உதிரும் பனிப்பாளத்துக்கு செராக் என்று பெயர். பால் திரிந்த நீரைக் காய்ச்சி மலைக்காரப் பெண்கள் எடுத்த வெள்ளைப் பால்கட்டிக்குத்தான் முதலில் அந்தப் பெயர். ஃபிர்ன் என்றால் போன வருஷத்தது. சுவிட்சர்லாந்து மலையில் ஒருவன் போன வருஷப் பனி இன்னும் கிடக்கிறதே என்று சொன்னான், அதை நீங்கள் எடுத்துக் கோட்டுப்படத்தில் எழுதிக்கொண்டீர்கள். அவன் சொன்னால் அறிவியல், நான் ‘பழம்பனி’ என்று எழுதினால் கிராமத்துத்தனமா? எந்த ஊர் நியாயம் இது?

தொலைபேசியில் கேட்டபோது சிரித்தாய். “அம்மா, கோயமுத்தூர்ல எங்கம்மா பனியாறு? இல்லாத சாமானுக்கு எதுக்கு நமக்குச் சொல்லு?” என்றாய். கோயமுத்தூரில் கடலும்தான் இல்லை. அயர்லாந்தில் இன்றைக்கு ஒரு பனியாறு காட்டு பார்க்கலாம். ஸ்காட்லாந்தில் காட்டு. கிடையாது. அந்த மேட்டுக்கும் முதுகுக்கும் பெயர் வைத்தவனுக்கு, எப்போதோ அங்கே பனி நின்றது என்பதே தெரியாது. ஆடு மேய்த்தான், கண்ணால் கண்டான், வீட்டில் இருந்ததைக் கொண்டு பெயர் வைத்தான். பின்னால் வந்த படித்தவர்கள் அவனிடம் போய், இதற்கு என்ன பெயர் ஐயா என்று கேட்டார்கள். கேட்டதில் அவர்களுக்குக் கௌரவம் குறையவில்லை. நம்மூரில் படித்தவன் குடியானவனிடம் கேட்கவே மாட்டான். இங்கே படிப்பு என்றாலே பக்கத்து வயற்காட்டை மறப்பது என்றாகிவிட்டது.

ஆங்கிலச் சொல்லை நான் ஒழிக்கவில்லை என்பதையும் பார்த்தாய்தானே? பரீட்சையில் வரும், மேற்படிப்பில் வரும், அதனால் ஒவ்வொன்றையும் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் அதன் பிறந்த ஊரைச் சொல்லி, அதற்கும் பக்கத்தில் நம் சொல் ஒன்றை வைத்தேன். எஸ்கருக்குப் பனிவரப்பு. அரெட்டுக்கு முள்முகடு. மொரைனுக்கு ஒதுக்குமண். அந்தச் சொற்கள் பிறந்த ஊரை நீ அடித்தாய், நம் சொல்லையும் அடித்தாய், வெறும் சத்தத்தை மட்டும் விட்டுவைத்தாய். ஒதுக்குமண் என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வேறு போட்டிருக்கிறாய். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்காது. நான் சொல்கிறேன்.

உனக்கு ஏழு வயது இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் உன் மாமன் தோட்டத்துக்குப் போயிருந்தோம். வாய்க்காலைத் தூர்வாரி, சேற்றையும் கல்லையும் இரண்டு ஓரத்திலும் நீளமாக ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். நீ அதன்மேல் ஏறி நடந்துவிட்டு, முழங்கால்வரை சேறோடு ஓடிவந்து, “அம்மா, இந்த மண்ணுக்குப் பேரு என்ன?” என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அதெல்லாம் உனக்கெதுக்கு, பரீட்சையில வராது, போய்க் காலைக் கழுவு” என்றேன். அதோடு விடவில்லை. ஊருக்கு வந்த பிறகும் நீ “மாமா ஊட்டுல” என்று சொன்னபோது, ஊடு என்று சொல்லாதே, வீடு என்றுகூடச் சொல்லாதே, ஹவுஸ் என்று சொல் என்று அதட்டினேன். நான் வேலை பார்த்தது தமிழ் மீடியம் பள்ளிக்கூடம். என் பிள்ளையைச் சேர்த்தது ஆர்.எஸ்.புரத்தில் இங்கிலீஷ் மீடியம். விடிந்தும் விடியாமலும் உன்னை இரண்டு பஸ் மாற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து, ஊரார் பிள்ளைகள் நாற்பது பேருக்குத் தாய்மொழிக் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பாடம் எடுத்தேன். எங்கள் பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் அதைத்தான் செய்தோம், ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கப்படக்கூட இல்லை. ஆக, இன்றைக்கு நம் சொல்லைப் பார்த்து உனக்கு இளப்பமாக இருக்கிறது என்றால் அந்த இளப்பத்தை ஊட்டி வளர்த்தவள் நான்தான். அதனால் உன்மேல் இருக்கிற கோபம் குறைந்துவிடவில்லை. என்மேலும் சேர்ந்து இரண்டு மடங்காகிவிட்டது.

இப்போது நீ அடித்ததிலேயே பெரிய அடிக்கு வருகிறேன். அந்த மூன்றாவது பக்கத்தில் ஒரு சின்னச் சம்பவம் எழுதியிருந்தேன். பனி குடைந்த மலைப்பள்ளத்தைப் பற்றியது. அதற்குப் பக்கத்தில் “யார் இந்தப் பெண்? பாடத்துக்குச் சம்பந்தமில்லை. பெயரை எடுத்துவிடலாம்” என்று எழுதியிருக்கிறாய். யார் என்று கேட்டதால் சொல்கிறேன்.

பேச்சியம்மாள் என்று ஒரு பெண். வால்பாறை எஸ்டேட்டிலிருந்து வந்து, எங்கள் பள்ளிக்குப் பக்கத்து விடுதியில் தங்கி ஒன்பதாவது படித்தாள். அப்பா அம்மா இரண்டு பேரும் தேயிலை பறிக்கிறவர்கள், எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லயத்து வீடு. அரையாண்டுத் தேர்வில் ‘சர்க்கு என்றால் என்ன?’ என்று இரண்டு மதிப்பெண் கேள்வி. புத்தகத்தில் இருக்கிற விடை, ‘பனியாறு அரிப்பதால் உண்டாகும் கை நாற்காலி வடிவப் பள்ளம்.’ எல்லோரும் அதை அப்படியே எழுதியிருந்தார்கள். இவள் மட்டும், ‘மலையில் அண்டாவைச் சாய்த்து வைத்தது மாதிரி பனி குடைந்த இடம்’ என்று எழுதியிருந்தாள். டீச்சர் பூஜ்ஜியம் போட்டாள். போட்டதோடு நில்லாமல் விடைத்தாளை வகுப்பில் உரக்க வாசித்து, “அண்டாவுல பிரியாணி வெச்சிருந்துதா பேச்சி?” என்று கேட்டுச் சிரித்தாள். டீச்சர் சிரித்தால் வகுப்பு சும்மா இருக்குமா? சிரித்து முடித்த பிறகு, ‘சர்க்கு’ என்று ஐம்பது தடவை எழுதிக்கொண்டு வரச் சொன்னாள். பேச்சி எழுதிக்கொண்டு வந்தாள். அந்த வருஷம் முடிவதற்குள் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள்.

புத்தகத்தில் ‘ஓர் ஆசிரியை’ என்று எழுதியிருந்தேன். அந்த ஆசிரியை நான்தான்.

ஓய்வு பெற்ற பிறகு இந்தப் புத்தகத்துக்காக நூலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகத் தேடிக்கொண்டிருந்தேன். சர்க்குக்கு ஸ்காட்லாந்தில் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தேன். கோரி. அந்த மலைநாட்டுக்காரர்களின் பழைய பாஷையில் அதற்கு என்ன பொருள் என்று பார்த்தேன். கூழ் காய்ச்சும் பெரிய பாத்திரம். அண்டா. என்னால் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் நின்றேன். உலகத்துப் புவியியல்காரர்கள் எல்லோரும் அண்டா என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நான் ஒருத்தி மட்டும் அதைச் சொன்ன பிள்ளைக்குப் பூஜ்ஜியம் போட்டிருக்கிறேன். நாற்காலி என்பதுகூடச் சரியான வர்ணனைதான், தப்பில்லை. ஆனால் கைவைத்த நாற்காலியை எஸ்டேட் ஆபீஸில் மேனேஜர் துரையிடம்தான் அவள் பார்த்திருப்பாள். அண்டாவை எஸ்டேட் கோயில் பொங்கலுக்குப் பக்கத்தில் நின்று கழுவியிருப்பாள். தான் கழுவிய சாமானைக் கொண்டு, தான் பார்க்காத மலையை மனசுக்குள் சரியாகப் பார்த்துவிட்டாள். இருபத்தைந்து வருஷம் பூகோளம் நடத்தியதில் அதைவிட நல்ல விடை ஒன்றை நான் திருத்தியதில்லை.

அவளோடு படித்த ஒருத்தியைப் பிடித்து விசாரித்தேன். வால்பாறையில்தான் இருக்கிறாள், எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் வேலை என்றாள். உன்னிடமும் சொல்லவில்லை, உங்கப்பாவிடமும் பொள்ளாச்சி போய்வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். பொள்ளாச்சியில் பஸ் மாறி, கையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். போய் இறங்கும்போது நல்ல மழை. பேச்சி என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள், மடியில் ஒரு குழந்தை தூங்குகிறது, அதையும் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். “டீச்சர், நீங்களா? யாராச்சும் செத்துப்போயிட்டாங்களா?” என்றாள். உட்காரச் சொல்லி, சட்டென்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அதை விட்டுவிட்டு, அந்தப் பரீட்சை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“சர்க்கு தானுங்க டீச்சர்? இருக்காமயா? ஐம்பது தடவை எழுதினேன். இப்பவும் கண்ணை மூடினா கை தானா எழுதும்” என்று காற்றில் எழுதிக் காட்டினாள். “ஆனா டீச்சர், அது என்னன்னு அப்பவும் தெரியலைங்க, இப்பவும் தெரியாது.”

நீ எழுதிய குறிப்பு இருக்கிறதே, ‘ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டால் போதும்’ என்று, அதற்கு இதைவிடப் பெரிய பதில் என்னிடம் கிடையாது கண்ணு. நான் அந்தப் போதுமானதைத்தான் அவளுக்குக் கொடுத்தேன். கை மறக்கவில்லை, தலைக்குள் ஒன்றும் போகவில்லை.

அவள் எழுதிய அண்டாவும் சர்க்கும் ஒன்றுதான் என்று சொன்னேன். தூர தேசத்தில் ஆடு மேய்த்தவர்கள் அதே பெயரைத்தான் வைத்தார்கள் என்று சொன்னேன். அவள் அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள், போகட்டும் விடுங்க டீச்சர் என்பாள் என்று பஸ்ஸில் வரும்போதே எனக்கு நானே நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்தாள். முகம் மாறியிருந்தது.

“அப்ப நான் எழுதினது சரிதானுங்களே. பின்ன எதுக்கு டீச்சர் எல்லாரையும் கூட்டி வெச்சுச் சிரிச்சீங்க?”

அவளே மேலே சொன்னாள்.

“படிப்பை நிறுத்துனப்ப வூட்டுக் கஷ்டம்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். வூட்டுல அப்படி ஒண்ணும் கஷ்டம் இல்லைங்க, எங்கப்பா படிக்கத்தான் சொன்னாரு. விடுதியில என்னை அண்டா அண்டான்னே கூப்பிட்டாளுங்க. எனக்கு அந்த வகுப்புக்குள்ள கால் வைக்கப் பிடிக்கலை. நீங்க ஒரு வார்த்தை, ஏன் புள்ள அப்படி எழுதினேன்னு கேட்டிருக்கலாமுல்ல?”

மன்னித்துவிடு என்றேன். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள், குடித்தேன். இதைப் புத்தகத்தில் எழுதட்டுமா, பேரை மாற்றிப் போடுகிறேன் என்று கேட்டேன். அதற்குத்தான் அவளுக்கு மறுபடியும் கோபம் வந்தது. “பேரை எதுக்கு மாத்தோணும்? நான் என்ன திருடினேனா? பேச்சியம்மாள்னு முழுசாப் போடுங்க. எம் பொண்ணு இப்ப ஒன்பதாவது. அவ கையில குடுத்து, இதப் படி, இது உங்கம்மா சொன்னதுன்னு நான் சொல்லோணும்.” போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அந்தப் பேரைத்தான் நீ அடித்திருக்கிறாய். ‘பாடத்துக்குச் சம்பந்தமில்லை’ என்று எழுதியிருக்கிறாய். என் பிள்ளை அடித்தான் என்பது எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. உனக்கு அவளைத் தெரியாது, உண்மைதான். ஆனால் அவளைத் தெரிந்த நான் எப்படி அடித்தேனோ அதே மாதிரிதான் நீயும் அடித்திருக்கிறாய், யார், ஏன் என்று கேட்காமல். நார்வேயில் போய் இறங்கியதும், பனி குடைந்து கடல் புகுந்த பள்ளத்தாக்கை ஃபியோர்டு என்று சொல்வாய். அது அந்த ஊர்ப் படகுக்காரன் போய்வந்த வழிக்கு அவன் வைத்த பெயர். நீ அவனைப் பார்த்து, ரொம்பக் கிராமத்துத்தனம் என்று சொல்லிவிடாதே. அவன் என்னை மாதிரி கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டான்.

இதை உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டு ஒட்டியிருக்கலாம், எல்லோரும் படிக்கிற மாதிரி ஏன் எழுதுகிறாய் என்று உங்கப்பா கேட்டார். ஊர் முன்னால் சிரித்தவள் ஊர் முன்னால்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

புத்தகம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பனியின் கனத்தைப் பற்றிய உன் திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன். மூன்று பக்கமும் நான் எழுதியபடியே இருக்கும், நான் செய்த ஒரே ஒரு திருத்தத்தோடு: ‘ஓர் ஆசிரியை’ என்று இருந்ததை அடித்துவிட்டு ‘நான்’ என்று எழுதினேன். முதல் பக்கத்தில் ‘சரிபார்த்தவர்’ என்று உன் பெயரும் உன் பட்டங்களும் இருந்தன. பெற்றவள் பெருமைக்காக நானே கேட்டுப் போட வைத்தது அது. பதிப்பாளரைக் கூப்பிட்டு அதை எடுக்கச் சொல்லிவிட்டேன். மறுபடி போடச் சொல்லி என்னிடம் கேட்காதே. கிளம்புவதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் பஸ் இருக்கிறது. போய்ப் பேச்சியம்மாளிடம் கேள்.

அம்மா